சாஜிதா பானு: சிவப்பு எழுத்தைப் படிக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸில் பத்தலப்பள்ளியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அன்வர் பாயிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். "பாய்?" என்றேன். "முடிஞ்சிருச்சுங்க" என்றார். பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன்.

எங்கள் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பணியாற்றிய சாஜிதா பானு அவர்கள் காலமானார்கள். வயது நாற்பத்தொன்று. கணவர் அன்வர் பாய் ஓசூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள்.

அவர்களைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவர்களுடைய மேஜைக்கு அடுத்த மேஜை என்னுடையது என்பதுதான். நான் அந்த மேஜைக்கு வந்ததே ஒரு விபத்து. விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகள் லேத் மெஷினில் நின்றவன் நான். முதுகுத் தண்டில் வட்டு விலகி, இனி நின்று வேலை செய்யக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிர்வாகம் எனக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்து ஆபீசுக்கு அனுப்பியது. அதற்குள் உபயோகப்பட்டால் இருக்கலாம், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான்.

ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட் ஆனது என்று ஆபரேட்டர்கள் திரையில் பதிவு செய்வார்கள். அந்த வலைப்பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர் சாஜிதா மேடம். மெஷினைத் தெரிந்த ஆள் உடன் இருந்தால் நல்லது என்று என்னைக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். என்னைவிட ஏழு வயது இளையவர். அவரிடம் நாற்பது வயதைத் தாண்டி கம்ப்யூட்டர் கோடு எழுதப் பழகினேன்.

முதல் வாரம் திரையில் ஒரு பட்டன் செய்தேன். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை போராடிவிட்டு, "சிஸ்டம் சரியில்ல மேடம்" என்றேன்.

"சிஸ்டத்தை விடுங்கண்ணா. தப்பைக் காட்டுற கன்சோலைத் திறந்தீங்களா?"

திறந்தேன். ஒரே சிவப்பு எழுத்து. உடனே மூடிவிட்டேன். லைனில் சிவப்பு விளக்கு எரிந்தால் மெஷின் நின்றுவிட்டது, சூப்பர்வைசர் ஓடி வருகிறார் என்று அர்த்தம். பதினெட்டு ஆண்டுப் பயம் அது.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். "இங்க சிவப்பு வந்தா நல்லதுங்கண்ணா. எந்த வரின்னு அதுவே சொல்லுது பாருங்க. ஒண்ணுமே சொல்லாம சும்மா நிக்குற கோடுதான் பேஜாரு. படிங்க, சத்தமா படிங்க."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாற்பத்தொன்றாம் வரி. ஒரு பெயரை மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆள். ஒரே ஓர் எழுத்தை மாற்றியதும் பட்டன் வேலை செய்தது. அன்று என் வீட்டில் இதை நான்கு முறை சொன்னேன்.

அதன் பிறகு என்ன சிக்கல் என்றாலும் அவர்கள் முதலில் கேட்பது, "கடைசியா சரியா ஓடுனப்புறம் என்ன மாத்துனீங்க?" என்பதுதான். நான் பதற்றத்தில் ஐந்து இடத்தில் மாற்றி வைத்திருப்பேன். ஐந்தையும் பழையபடி ஆக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக மாற்ற வைப்பார்கள். ஒருநாளும் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கியதில்லை.

மூன்றாம் மாதம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. இரண்டு மெஷின்களின் ரிஜெக்டைக் கூட்டிக் காட்டும் பகுதியை நான் எழுதினேன். மறுநாள் பேரிகை ஊரிலிருந்து வரும் நாகராஜ் என்ற ஒப்பந்தத் தொழிலாளியை மேனேஜர் கூப்பிட்டார். ஒரே ஷிப்டில் நூற்று இருபத்து மூன்று பீஸ் ரிஜெக்ட் என்று அறிக்கை வந்திருந்தது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாகராஜ் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். 

சாஜிதா மேடம் அவருடைய தெலுங்கிலேயே கேட்டார்கள். ஒரு மெஷினில் பன்னிரண்டு, இன்னொன்றில் மூன்று, ஆக மொத்தம் பதினைந்துதான் என்றார் அவர். மேடம் என் கோடைத் திறந்து பார்த்தார்கள்.

"அண்ணா, திரையில டைப் பண்றது எழுத்தாத்தான் உள்ள வருது. எண்ணா மாத்தாம கூட்டியிருக்கீங்க. பன்னெண்டையும் மூணையும் கூட்டாம பக்கத்துல பக்கத்துல ஒட்டிருச்சு."

 என் மூன்று மாதம் முடிய இன்னும் இருபது நாள். "மேடம், சத்தமில்லாம திருத்திருவோம். நாளைக்கு அறிக்கை சரியா வந்துரும்" என்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் கோபப்படவில்லை. "கோடை ரெண்டு நிமிஷத்துல திருத்திரலாங்கண்ணா. இவரு பேரை யாரு திருத்துறது? வாங்க, நானும் வர்றேன்."

மேனேஜர் முன்னால், "தப்பு என்னோடதுங்க" என்று நான் சொன்னேன். அடுத்த நொடி மேடம் பேசினார்கள்: "நானும்தான் சார். ஒரு மெஷின் வச்சுத்தான் சோதிச்சேன். ரெண்டு வச்சுப் பாத்திருக்கணும்."  பிறகு மேனேஜர் நாகராஜைத் திரும்ப லைனுக்கு அனுப்பினார். என்னையும் வேலையில் வைத்துக்கொண்டார். அதற்கு மேடம் தனியாகப் போய்ப் பேசியது எனக்கு ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

போன ஆண்டு மார்பில் கட்டி என்றார்கள். பெங்களூரில் சிகிச்சை. நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மிகவும் மெலிந்திருந்தார்கள். ஒரு மதியம் திரையைப் பார்த்தபடி கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்கிறேன். என்ன மாத்துனாலும் பக்கம் அப்படியேதான் இருக்கு. மருந்து என் மூளையைத் தின்னுருச்சுண்ணா."

அருகில் அமர்ந்து, அவர்கள் திறந்து வைத்திருந்த கோடின் நடுவில், திரையில் வருகிறதா என்று பார்க்க, 'மாங்கா' என்று அடித்துச் சேமித்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். மாங்கா வரவில்லை. பிரவுசரின் பழைய சேமிப்பை அழித்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

"மேடம், நீங்க திருத்துறது ஒரு ஃபைல். ஓடுறது வேற ஃபைல். இது பழைய நகல்."

சரியான ஃபைலைத் திறந்து மாங்கா போட்டதும், உற்பத்தி அறிக்கையின் தலைப்பில் பெரிதாக வந்து நின்றது. அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூளை மாறிப்போச்சுன்னு நினைச்சேன், ஃபைல்தான் மாறிப்போயிருக்கு" என்றார்கள். அன்று மாலை முழுக்க வேலை செய்தார்கள். நோய் மறுபடி வந்து படுக்கும்வரை வேலையை விடவில்லை.

காவேரிப்பட்டினத்தில்தான் அடக்கம். அது அவர்கள் பிறந்த ஊர். மஸ்ஜித்தை ஒட்டிய கபரஸ்தானில் எங்கள் லைனிலிருந்து பலர் சீருடையோடு வந்திருந்தார்கள். உறவினர்கள் வரிசையாகக் குழியருகே போனார்கள். எனக்கு முறை தெரியாது. நெருங்கிப் போகலாமா என்றும் தெரியாது. வேப்பமரத்தடியில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அன்வர் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். இத்தனை ஆண்டும் என்னை 'சார்' என்றே அழைத்தவர். என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க மச்சான். அவளுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல. நீங்க மூணு பிடி மண்ணு போடணும்."

போட்டேன். மண் ஈரமாக இருந்தது, கையில் ஒட்டிக்கொண்டது. ஆறு ஆண்டுகளாக 'மேடம்' என்று மட்டுமே கூப்பிட்டவரை அங்கே வேறு பெயரில் அழைத்தேன். மெதுவாகத்தான் சொன்னேன், பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

நல்லபடியா தூங்கும்மா, தங்கச்சி.