நாலு பேருக்கு ஒரு மேஜை

மேஸ்திரி என்றதும் மீசையோடு ஓர் ஆளை நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவளுக்கு, கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. வாய் கொஞ்சம் நீளம். மனசில் எதுவும் தங்காது, தங்குவதற்கு முன்பே வாயில் வந்து விழுந்துவிடும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தாள். கூடவே முழங்கால் வலியையும் சம்பாதித்துக்கொண்டாள். எல்லாம் அந்த அடுப்புக்கு முன்னால் நின்றுதான்.

அந்த அடுப்பைத்தான் இப்போது கழற்றிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளுக்கு இனிமேல் வெளியிலிருந்து டப்பாவில் சாப்பாடு வரும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. அந்த மேலிடத்தில் ஒருத்தராவது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அங்கே இருந்த நாலு பேரையும் ஆளுக்கொரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவளுக்குச் சலவைப் பிரிவு. காய்கறி நறுக்குகிற சின்னதுக்கு மருந்துக் கிடங்கு. வார்டு வார்டாகச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற அவளுடைய நாத்தனாருக்கு ஊருக்கு வெளியே இருக்கும் கிளை. பாத்திரம் கழுவுகிறவள் போதும் வேலை என்று மகன் வீட்டோடு போகப் போகிறாள். எதையும் முழுதாகச் சொல்லி முடிக்காதவள் என்பதால் அவளுக்கு அரைவார்த்தை என்று பெயர்.

"பதினெட்டு வருஷமா சேர்ந்து சமைக்கிறோம். ஒரு நாளாவது நாலு பேரும் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டிருக்கோமா?" என்று மேஸ்திரி மற்ற மூவரிடமும் கேட்டாள். ஒரு நாளும் இல்லை. சமையலறையின் வழக்கம் அப்படி. இரண்டு பேர் சாப்பிட்டால் இரண்டு பேர் அடுப்பைப் பார்க்க வேண்டும். எப்போதாவது நகரத்துக்குப் போய்வந்ததும் அப்படித்தான். இரண்டு பேர் ரயிலில் என்றால் இரண்டு பேர் வேலையில். அடுப்பைக் கழற்றுகிற அன்றுதான் நால்வருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது. அந்த நாளை விட்டால் வேறு நாள் கிடையாது.

மேஸ்திரிக்கு அந்த நகரத்தின்மேல் ஒரு பைத்தியம். அகலமான ஆறு, அதைக் கடந்து நடக்க ஒரு பழைய பாலம், உப்பு பத்தவில்லை என்று யாரும் வந்து நிற்காத தெருக்கள். அங்கே போய் இறங்கிவிட்டால் முழங்கால்கூட வலிக்காது என்று சத்தியம் செய்வாள். ஆற்றங்கரையில், மாடியில் ஓர் ஓட்டல் இருந்தது. ஜன்னலோரம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, நடுவில் பெரிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சாப்பிடுவார்கள். வந்தபோதெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனவள், இந்த முறை மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

வாசலில் நின்ற மேனேஜர் அவர்கள் முகத்தைவிட அவர்கள் கையிலிருந்த பைகளைத்தான் அதிகம் பார்த்தான்.

"எத்தனை பேரு?"

"நாலு."

"சேர்ந்தாப்புல இல்லம்மா. தூண் பக்கத்துல ரெண்டு பேரு, கை கழுவற இடத்துகிட்ட ரெண்டு பேரு உக்காந்துக்கலாம்."

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "அது எதுக்கு அண்ணி? நீங்களும் சின்னதும் மொதல்ல சாப்பிட்டுட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் பையைப் பாத்துக்கிட்டு வெளிய நிக்கறோம். அப்புறம் மாத்திக்கலாம்."

சின்னது உடனே தன் பையைக் கழற்றி நீட்டினாள். அரைவார்த்தை அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

மேஸ்திரிக்கு உச்சந்தலை வரை ஏறியது. மேனேஜர் யாரோ ஒருத்தன், போகட்டும். இவர்களுக்கு என்ன கேடு? அடுப்பையே கழற்றியாகிவிட்டது, இன்னும் யாரும் சொல்லாமலே இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்கிறார்களே. நாள் முழுக்க மற்றவர்களுக்குப் போட்டுப் போட்டு, தங்களுக்கும் ஒரு மேஜை உண்டு என்கிற நினைப்பே இவர்களுக்கு அற்றுப்போய்விட்டதா?

"நில்லுங்கடி. பைக்குள்ள என்ன தங்கமா இருக்கு? படிக்கட்டுல நிக்கறதுக்கா ரயிலேறி வந்தோம்?"

"மெதுவா பேசுங்க அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்." அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, ஜன்னலோரம் நாலு நாற்காலி போட்ட மேஜைல ஒருத்தர் மட்டும்தானே உக்காந்திருக்காரு?"

"அவரு அடிக்கடி வர்றவரும்மா."

"நாங்க இனிமே வர முடியாதவங்க. அதனாலதான் கேக்கறேன்."

"அப்படின்னா காத்திருங்க."

காத்திருந்தாள். ஓரமாக அல்ல, வாசலை அடைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு. மேலே வந்தவர்கள் பக்கவாட்டில் நுழைந்து போக வேண்டியிருந்தது. மேனேஜர் ஒருமுறை "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். அவளுக்குக் காது கேட்கவில்லை. கடைசியில் ஜன்னலோரத்து மனிதரே தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தூண் பக்கம் போய் உட்கார்ந்தார். "நல்லா இருப்பா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்த ஆளுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையே என்பதை மேனேஜருக்குக் கண்ணாலேயே தெரிவித்துவிட்டு, மூவரையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

சோறும் மீனும் காய்கறியும் நால்வருக்கும் சேர்த்துப் பெரிய பாத்திரங்களில் வந்தன. கொண்டுவந்தவன் மேஜை நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டான். உடனே நாத்தனார் தண்ணீர் எடுத்துவர எழுந்தாள்.

"உக்காரு. அதுக்கு ஆள் வெச்சிருக்காங்க."

சின்னது மேஜையைத் துடைக்கத் துணி தேடினாள்.

"கையை எடுடி. இன்னிக்கு நீ வேலைக்காரி இல்ல."

அரைவார்த்தையோ ஒரு வாயை விழுங்குவதற்குள் அடுத்ததை எடுத்தாள். மேஸ்திரி அவளையும் விடவில்லை. "யாரு துரத்தறா? மென்னு சாப்பிடு." திட்டிக்கொண்டே அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நாத்தனாருக்கு முள் இல்லாத நடுத்துண்டாகத் தேடி வைத்தாள். சின்னதின் தட்டில் காய்கறி காலியாக இருப்பதைப் பார்த்து அதற்கும் ஒரு பாட்டு பாடிவிட்டு அள்ளிப் போட்டாள். நல்ல மீன்தான், கரண்டி பட்டதும் உதிர்கிற அளவுக்குக் கூடுதலாக வெந்துவிட்டது, அதை நம் அடுப்பில் விட்டிருப்போமா என்று கேட்டாள். மூவரும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"பாத்தீங்களா, ஆறு எவ்வளவு அழகா தெரியுது" என்று ஜன்னலைக் காட்டினாள். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய மூன்று வகிடுகளும் மேலேயிருந்து அவளுக்குத் தெரிந்தன.

மேலேயிருந்து.

மேஸ்திரி குனிந்து பார்த்தாள். அவளுடைய தட்டு துடைத்தது துடைத்தபடி பளபளத்தது. அவளுடைய நாற்காலியில் நாலு பைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. மற்ற மூன்று தட்டுகளிலும் முள்ளும் தோலும்தான் மிச்சம். சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

"ஏன்டி, ஒருத்திகூட சொல்லல?"

மூவருக்கும் அது உண்மையாகவே தோன்றவில்லை.

"நீ எப்பவும் நின்னுதானே..." என்றாள் அரைவார்த்தை.

கோபம் வந்தது. வந்த கோபத்தை யார்மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை. மேலிடத்தின்மேலா, மேனேஜர்மேலா, சாப்பிட்டு முடித்த இந்த மூன்று முண்டங்கள்மேலா? அவர்களை அதட்டி உட்கார வைத்தவளுக்கு, தான் நிற்பது தெரியவில்லை. திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அவள் கரண்டியும் கையுமாக நின்றது அன்றுதான். ஓட்டலில் நின்று அழுதால் அந்த மேனேஜருக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்பதற்காகவே அழாமல் இருந்தாள்.

நாத்தனார் எழுந்து பைகளைத் தரையில் தள்ளினாள். அண்ணியின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அவள் தட்டில் சோற்றைப் போட்டாள், மீனை வைத்தாள். பிறகு உட்கார்ந்து தன் தட்டிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டு கரண்டியைச் சின்னதிடம் கொடுத்தாள். சின்னது போட்டுக்கொண்டு அரைவார்த்தையிடம் கொடுத்தாள்.

"தொண்டை வரைக்கும் தின்னுட்டு மறுபடியும் எதுக்குடி? அது வயிறா, சாக்கா?"

"இருக்கட்டும். நீங்க முடிக்கிற வரைக்கும் நாங்களும் சாப்பிடுவோம்" என்றாள் நாத்தனார். "மெதுவா சாப்பிடுங்க அண்ணி. அங்க அடுப்பு இல்ல."

சோறு ஆறிப்போயிருந்தது. மீனும் சில்லிட்டிருந்தது. மேனேஜரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க மேஸ்திரிக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அதற்கு எழுந்து போக வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.