இரண்டு பஞ்சாங்கமும் ஒரு மகளும்

ஜோசியத் தொழிலில் ஊரே நம் வாசலுக்கு வரும். ‘நீ சாப்பிட்டாயா’ என்று கேட்க மட்டும் ஒருத்தரும் வரமாட்டார்கள். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கட்டம் போட்டுக்கொண்டிருக்கும் எனக்குத்தான் இப்படியா, இல்லை சக ஜோசியர்களே, உங்களுக்கும் அப்படித்தானா?

ப்ராஜெக்ட்

காலேஜ் பெண் ஒருத்தி ப்ராஜெக்ட்டுக்காக வந்து, ஜோதிடம் என்றால் என்ன என்று கேட்டாள். ஜோதி என்றால் ஒளி, வானத்து ஒளிகளைக் கணக்கிடுவதுதான் ஜோதிடம் என்றேன். ஆதியில் வேள்விக்கு நாள் குறிக்கத்தான் வானத்தைப் பார்த்தார்கள், பன்னிரண்டு ராசியெல்லாம் பிற்பாடு கிரேக்கர் வழியாக வந்து சேர்ந்தது என்று பேசிக்கொண்டே போனேன். மனைவி போனபிறகு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல நான் யாரிடமும் பேசியதில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அவள் கேட்டாள்: “அப்ப ஆரம்பத்துல கல்யாணப் பொருத்தம்னு ஒண்ணே இல்லையா சார்?”

செவலூர்க்காரர்

பழைய சூத்திரப்படி போனால் வாக்கியப் பஞ்சாங்கம், வானத்தை அளந்து திருத்தினால் திருக்கணிதம். இரண்டுக்கும் சில நாழிகை இடிக்கும், சமயத்தில் நட்சத்திரமே மாறிவிடும்.

என் மகள் தேன்மொழி, தான் விரும்பிய பையனின் ஜாதகத்தை நீட்டியபோது நான் வாக்கியத்தை மட்டும்தான் திறந்தேன். “ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுது, தாலி நெலைக்காது” என்றேன். அவள் அவனையே கட்டிக்கொண்டாள். நாலு வருஷமாகப் பேச்சில்லை. அவன் நன்றாகத்தான் இருக்கிறான், என் வீடுதான் வெறிச்சோடிக் கிடக்கிறது.

போன மாதம் செவலூர்க்காரர் ஒருவர் மகனுக்குப் பொருத்தம் பார்க்க வந்தார். ஒரு பஞ்சாங்கத்தில் பொருந்தியது, மற்றதில் தட்டியது. இரண்டையும் காட்டினேன். அவர் யோசிக்கவே இல்லை. “பொருந்துறதை வச்சுக்குவோம்ங்க. பொண்ணு நல்ல பொண்ணு.”

பிறந்த நேரம்

பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு முன்னால் நமக்குத்தான் போன் வரும், நேரம் சொல்ல. செவ்வாய்க்கிழமை மத்தியானமும் வந்தது. “அப்பா, பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு.” தேன்மொழி!

தொழில் புத்தி எங்கே போகும்? “எத்தனை மணிக்கும்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: “நேரத்தைச் சொல்ல மாட்டேன்ப்பா. திருக்கோகர்ணத்து ஆஸ்பத்திரிலதான் இருக்கோம், பிள்ளையப் பாக்கணும்னா வாங்க.”

ராகு காலம் என்று தெரிந்தே பஸ் ஏறிய ஜோசியன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.