பூஜை போட்ட மெஷின் ஓடாது

தாம்பரத்துக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சுத்தியலும் ஆறாம் வகுப்புப் படிப்பும்தான். இன்று சேலையூரில் பாதித் தெருக்களின் இரும்பு கேட் என் கைவேலை. பெருங்களத்தூர் அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுகளும் நான் செய்தவை. வளைந்துவிடும் என்று சொன்ன இன்ஜினியர்கள் ரிட்டயராகிவிட்டார்கள், ஸ்டாண்டுகள் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, வானத்தைக் கேட்கும் நான்கு கிண்ண ஆன்டெனாக்கள்.

அவை என் பட்டறைச் சுவருக்குப் பின்னால் உள்ள கல்லூரி மைதானத்தில் இருக்கின்றன. வரைபடத்தோடு வந்த பேராசிரியை அம்மா எனக்குப் பொறுமையாகச் சொன்னார். எங்கோ தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடிக்கும்போது காமா கதிர் சில நொடி பளிச்சிட்டு அணையும். செயற்கைக்கோள் அதைப் பார்த்துத் தகவல் தரும். பிறகு அதே திசையில் ரேடியோ அலை நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறதா என்று தேட வேண்டும். ஏறி இறங்கினால் அது வெடிப்பின் மிச்சமாக இருக்கலாம். அவர் வரைந்த தாங்கி காற்றில் ஆடும் என்று சொல்லி மாற்றியவன் நான். ஆடியிருந்தால் எதைக் கேட்டிருப்பார்கள்?

ஆயுத பூஜை சமயத்தில் அப்படி ஒரு வெடிப்பு வந்தது. பத்து நாள் கழித்து அம்மா தயங்கியபடி பட்டறைக்கு வந்தார். கூடவே அவருடைய சக பேராசிரியர்.

"அண்ணா, வெடிப்புக்கு அப்புறம் எடுத்த நாலு நாள் ரீடிங்கையும் தூக்கிப் போடப் போறோம். உங்க வெல்டிங் பொறி கிளப்புற ரேடியோ அலை அதுல கலந்துடுச்சு."

"வெல்டிங் பட்டறை பக்கத்துல நட்சத்திரம் தேடினா இப்படித்தான் மேடம்" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

என் வெல்டர் கண்ணாடியைத் தூக்கினான். "இன்னா சார், ஆகாசத்துல வெடிச்சதுக்கும் எங்க ஓனர்தான் காரணமா?"

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கோடு ஏறி, உச்சிக்குப் போய், இறங்கியிருந்தது. கீழே தேதிகள். நாள்காட்டியைக் காட்டினேன்.

"மேடம், உச்சிக்குப் போச்சே, அன்னிக்கு ஆயுத பூஜை. மெயின் சுவிட்ச முந்தின நாளே நான்தான் எறக்கினேன். பசங்க ஊர்லேர்ந்து வந்தப்புறம்தான் ஏத்தினேன். நாலு நாளும் மெஷின் மாலையோட கெடந்துச்சு. பூஜை போட்ட மெஷின எவனாச்சும் தொடுவானா?"

"தொட்டா ஓனர் கைய ஒடச்சுடுவாரு" என்றான் வெல்டர்.

"உங்க கம்ப்யூட்டருக்கே பொட்டு வெச்சீங்களே மேடம். ஆன்டெனாவ மட்டும்தானே நிறுத்தாம வுட்டீங்க?"

அம்மா நெற்றியைத் தட்டிக்கொண்டார். சக பேராசிரியர் காகிதத்தை வாங்கித் தேதிகளை மறுபடி பார்த்தார்.

ரீடிங் பிழைத்தது. வெளியூரில் உள்ள பெரிய ரேடியோ தொலைநோக்கியும் அதே திசையில் அதே ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருந்தது. கட்டுரை அச்சானது. தூக்கிப் போடச் சொன்ன சக பேராசிரியரின் பெயர் இரண்டாவது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: உள்ளூர்ப் பட்டறைக்கு நன்றி. என் பெயர் ஏன் இல்லை என்று கேட்கப் போனேன்.

"ஐயா, ஆராய்ச்சி பண்ணவங்க பேருதான் போடுவாங்க" என்றார் அவர். அம்மா தரையைப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தூக்கிப் போடச் சொன்னது ஆராய்ச்சி, தடுத்தது ஆராய்ச்சி இல்லையா? உங்கள் நன்றி எனக்கு வேண்டாம். தாங்கியை மாற்றியவன் யார், அந்த நாலு நாள் வெல்டிங் ஓடவில்லை என்று காட்டியவன் யார் என்று அந்தக் கட்டுரையிலேயே, என் பெயரோடு எழுதுங்கள்.