படியில் விழுந்தவளின் படம்

மருத்துவமனைச் சீட்டுகளை நம்புவதென்றால், மாடிப்படிகள் பெண்களை மட்டுமே தேடிப் பிடித்துத் தள்ளுகின்றன. ‘படியில் விழுந்தார்’ என்று எழுதிவிட்டு டாக்டர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எழுதுகிற கை எதற்கு நோக வேண்டும்?

பதினொரு வருஷம் எக்ஸ்ரே பிரிவின் தரையைத் துடைத்தவள், முப்பத்தெட்டு வயதில் அங்கேயே படிக்கச் சேர்ந்தாள். கூடப் படித்த பிள்ளைகள் ‘மாப் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அவர்களைவிட நன்றாகப் படம் பார்த்தாள். சீட்டை மூடி வைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் வகுப்பு வழக்கம்.

அன்று எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் ஒரு முன்கைப் படம்.

“சொல்லுங்கக்கா,” என்றாள் அவளைவிட வயதில் சிறிய ஆசிரியை.

“சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவுல முறிஞ்சிருக்கு. விழுந்தா கைய ஊனுவோம், மணிக்கட்டுதான் போகும். இது தலைக்கு வந்த அடிய கையால தடுத்தது. கட்டையால அடிச்சிருக்கான்.”

பதில் சரிதான். ஆனால் வாசலைப் பார்க்காமல் சொல்லிவிட்டாள். படத்துக்கு உரியவள் அங்கேதான் நின்றிருந்தாள், பக்கத்தில் புருஷன்.

“இவகிட்ட என்னடி சொன்ன?” என்று மனைவியின் உடைந்த கையைப் பிடித்து முறுக்கினான். அவள் சத்தம்கூட வராமல் சரிந்தாள். முக்காலியைத் தூக்கி விளக்குப் பெட்டியை நொறுக்கிப் படத்தைப் பிடுங்கினான். மாப் அக்கா கதிர் தடுக்கும் ஈய அங்கியை எடுத்து அவன் முகத்தில் வீசினாள். அந்தக் கனத்தில் தடுமாறினாலும் முக்காலியைச் சுழற்றினான். மாப் அக்காவின் பல் ஒன்று தரையில் விழுந்தது. அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் புகுந்து தாழ் போட்டாள். ஈயத் தகடு அடித்த கதவு.

வெளியே உதை விழுந்தது. “படம் எங்கிட்ட இருக்கு. நீ வெளிய வா.”

“வச்சுக்கட்டும்,” என்றாள் மாப் அக்கா, ரத்தத்தைத் துப்பிவிட்டு. “எலும்பு உங்கிட்டதானே இருக்கு.”

“படியிலதான்க்கா விழுந்தேன்.”

மாப் அக்கா வாதாடவில்லை. எக்ஸ்ரே எடுக்குமுன் எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். “முழுகாம இருக்கியா?”

“போன மாசம்வரைக்கும் இருந்தேன்.”

மாப் அக்கா அவளை இயந்திரத்தின் முன் நிறுத்தினாள். நெஞ்சைப் படம் எடுத்து, உள்ளேயே இருந்த இருட்டறையில் கழுவி, ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்தாள். விலா எலும்புகளில் முறிந்து ஒட்டிய இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக வெள்ளை. ஒவ்வொன்றாக விரலை வைத்தாள்.

அந்தப் பெண் படத்தின் பக்கம் குனிந்தாள்.

“இது சின்னவ பொறந்தப்போ. இது வீடு மாத்தினப்போ.” மூன்றாவது முடிச்சில் நின்றாள். “இது எதுக்குன்னு ஞாபகமில்ல.”

கதவில் எதையோ கொண்டு இடித்தான். மேலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. வராந்தாவில் ஆசிரியை கூட்டிவந்த ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

“போலீஸ்ல காட்டணும். முதுகையும் எடுங்கக்கா,” என்று அவளே மேஜைமேல் ஏறிக் குப்புறப் படுத்தாள்.