நெல்லித்தோப்பு மில்லில் நான் மாற்றிய பீஸ் கம்பி

1959, ஐப்பசி மாத அடைமழை. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, விழுப்புரத்தில் வயர்மேன். அக்கா சரசுவின் வீட்டுக்காரர் புதுச்சேரி நெல்லித்தோப்பில், தான் வேலை பார்த்த அரிசி மில்லில் கரண்ட் அடித்து இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

காலை ஆறே காலுக்குப் பஸ். இருபத்து நாலு மைல், எண்பது நயா பைசா. ரெட்டியார்பாளையத்தில் ரோட்டில் முழங்கால் தண்ணீர். “இதுக்கு மேல போவாதுங்க, எறங்கிக்குங்க” என்றார் டிரைவர். மீதி ஒன்றரை மைல் நடந்தேன். போய்ச் சேர ஒன்பதரை. அன்று மாலையே மாமாவை எடுத்துவிட்டோம்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். மாமாவைக் கொன்ற மோட்டாரைக் கழற்றி அனுப்பிவிட்டு, அதே லைனில் வேறொன்றை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்! மோட்டார் பார்க்கும் அருளாந்து பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள். பீஸை ‘ப்ளோம்’ என்றுதான் சொல்வார்.

“அன்னிக்கி மூணு தடவ ப்ளோம் போச்சு தம்பி. நெல்லு நனஞ்சி மொளச்சிடும்னு மொதலாளி கத்துனாரு. தடிக் கம்பியா போடச் சொன்னாரு. போட்டுட்டோம்.”

பீஸ் கட்டையை உருவிப் பார்த்தேன். தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஈர்க்குச்சி தடிமனில் செப்புக் கம்பி. மோட்டார் உடம்பில் கரண்ட் இறங்கிய உடனே மெல்லிய கம்பியானால் உருகி அறுந்திருக்கும். மாமா கை வைத்தபோது இது அறவில்லை.

ஈரத் தரையில் நாலு பேர் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன், முதலாளி கேட்கவில்லை. நானே மெயினை இறக்கி, சரியான கம்பியைப் போட்டேன். பழையதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதலாளி தடுக்கவில்லை. எனக்கு டீ வாங்கி வரக்கூடச் சொன்னார். அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு, மாமா செத்ததை விசாரிக்க கரண்ட் இன்ஸ்பெக்டர் வந்தார். பீஸ் சரியாக இருந்தது. பையிலிருந்த கம்பியை நீட்டினேன்.

“இது இங்கதான் இருந்துச்சின்னு நான் எப்படிப்பா எழுதுறது?”

அருளாந்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார். அக்காவுக்கு நஷ்டஈடு கிடையாது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ கை வெக்காம இருந்திருக்கலாம் தம்பி.”

“அங்க நாலு பேரு நின்னாங்கக்கா.”

“தெரியுது” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன். எல்லையில் மதுவிலக்குப் போலீசார் சாராய பாட்டில் தேடி என் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே ஈர வேட்டி, ஸ்குரு டிரைவர், அவ்வளவுதான்.

இப்படி ஒரு காரியமாகப் போக நேர்ந்தால், மெயினை மட்டும் இறக்குங்கள். உள்ளூர் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டி, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பீஸைத் தொடுவது அதற்குப் பிறகு. எனக்கு அது தோன்றவில்லை.

தை மாதம் அக்கா அதே மில் களத்தில் நெல் துழாவப் போனாள். வேறு வழியில்லை. என்னோடு அவள் மறுபடி பேச இரண்டு வருஷம் ஆனது.