சண்டை போட்டுக் கேட்டேன், எங்கள் கோல் கீப்பரைத் திருப்பித் தந்தாள்

மாரியம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, இதைச் சாந்தமாகச் சொல்ல வேண்டும் என்று பலமுறை முயன்றேன். முடியவில்லை. நினைத்தாலே இன்னும் ஆத்திரம் வருகிறது. அதனால் ஆத்திரத்தோடேயே சொல்கிறேன். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். அன்று அவள் வாசலில் நான் பேசிய பேச்சையே பொறுத்துக்கொண்டவள்.

நான் இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சென்ற ஆண்டு எங்கள் பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணி வலயத்தில் வென்றது, மாகாணத்திலும் வென்றது, அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவானது. எங்கள் கல்லூரியின் வேறெந்த அணியும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அந்த அணிக்குப் பயிற்சி எடுக்க இடம் இல்லை. கல்லூரிக்கு மைதானம் இருக்கிறது, ஆனால் அது பையன்களின் கிரிக்கெட்டுக்கு. பையன்கள் வராத நாளிலும் கேட் பூட்டியே இருக்கும். கல்லூரி அதிபரிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

“பொம்பளப் புள்ளைங்கதானே டீச்சர். எங்கயாவது ஓரமா வச்சுப் பழக்குங்க” என்பார்.

ஓரமாகத்தான் போனோம். பக்கத்துத் தோட்டத்தில், மூடிக்கிடக்கும் பழைய தேயிலை ஆலைக்கு மேலே ஒரு வெட்டவெளி. சுற்றிலும் யூக்கலிப்டஸ் மரங்கள். அதில் ஒன்றில் பெரிய குளவிக் கூடு தொங்கியது. கொழுந்து பறிக்கும் பெண்களை அந்தக் குளவிகள் முன்பே கொட்டியிருந்தன. தோட்டத்து ஆபிசுக்குப் போய்ச் சொன்னேன். “பார்க்கலாம்” என்றார்கள். திரும்பவும் போனேன். “ஆள் வரும்” என்றார்கள். ஆள் வரவில்லை. தோட்டத்து மேலாளர், அதுதான் துரை, அவருடைய பங்களாவில் குளவிகள் கையகலக் கூடு ஒன்று கட்டியபோது மட்டும் அன்றைக்கே ஆள் வந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அகில இலங்கைப் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. ஒரு பின்னேரம் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மூலை உதை பழகிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மேலே லொறி வருவதுபோல ஓர் இரைச்சல். நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெளிச்சம் கறுத்துவிட்டது.

“ஓடுங்க!” என்று கத்தினேன்.

எல்லோரும் பள்ளத்துப் பக்கம் ஓடினார்கள். புதிதாக அணிக்கு வந்த இரண்டு சின்னப் பெண்கள் பயத்தில் அப்படியே குந்திவிட்டார்கள். எங்கள் கோல் கீப்பர் கௌசல்யா பாதி தூரம் ஓடியவள், திரும்பி வந்தாள். பந்துகளை மூடி வைக்கும் தார்ப்பாயை இழுத்து அந்த இருவர் மேலும் போர்த்தி, அதன் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே மண்டியிட்டு இருந்தாள். அவளை மூட ஒன்றும் இல்லை.

குளவிகள் அடங்கியபின் ஓடிப்போய்த் தூக்கினேன். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது.

“டீச்சர்... தொண்ட அடைக்குது. மூச்சு விட முடியல டீச்சர்.”

அதற்கு மேல் அவளுக்குக் குரல் வரவில்லை.

தோட்டத்து அம்புலன்ஸ் பழுது என்றார்கள். எத்தனை மாதமாகப் பழுது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆபிஸ் வாசலில் ஜீப் நின்றது. சாரதியும் இருந்தார். கிளாக்கரிடம் கெஞ்சினேன்.

“தொரை இல்லாம ஜீப்ப வெளிய விட முடியாதுங்க. போன் எடுக்கிறேன், கொஞ்சம் பொறுங்க” என்றார்.

பொறுப்பதா? மூச்சு பொறுக்குமா? அவளை என் தோளில் போட்டுக்கொண்டு பாதையை நோக்கி இறங்கினேன். பிள்ளைகள் மாறி மாறிக் கால்களைத் தாங்கினார்கள். பாதையோரத்தில் நம்முடைய சின்ன அம்மன் கோயில். அதன் வாசலில் அவளைக் கிடத்தினேன். பாதையில் ஒரு வண்டியும் இல்லை. அவள் நெஞ்சு விட்டு விட்டுத்தான் ஏறி இறங்கியது. உதடு நீலமாகியிருந்தது.

எனக்குத் தெரிந்த பிரார்த்தனை எதுவும் வாயில் வரவில்லை. ஏச்சுத்தான் வந்தது.

“நீயெல்லாம் ஒரு தாயா? இவ செஞ்சத நீ பாக்கலியா? ரெண்டு உசுரக் காப்பாத்தினவளுக்கு இதுதான் கூலியா? எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து ஒனக்குக் கரகம் தூக்குறோம். எங்க புள்ளைங்கள குளவிக்குக் குடுக்கத்தான் தூக்கினோமா? இவள எடுத்தீன்னா இனி ஒன் வாசல மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்!”

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாய் மூடுவதற்குள் வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது.

ஒரு பஸ் வந்தது. நிறையப் பெண் பிள்ளைகள், விளையாட்டு உடையில். எனக்குத் தெரிந்த நிறம். மாகாண இறுதிப் போட்டியில் நாங்கள் தோற்கடித்த சிங்களக் கல்லூரி அணி. அந்தத் தோட்டத்துப் பாதையில் அவர்கள் வரவேண்டிய வேலையே இல்லை. பெரிய ரோட்டில் அன்று காலை மண் சரிந்து, வாகனங்களை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். அவர்களுடைய பயிற்றுநர் குனிந்து பார்த்தார். யாரென்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. கையுறையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர்களுடைய பெனால்டியைத் தடுத்த கை அது.

“நகின்ன டீச்சர், நகின்ன! இக்மனட்ட!” என்று சிங்களத்தில் கத்தினார். ஏறுங்கள், சீக்கிரம் என்று.

யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைகள் பாதிப்பேர் இறங்கி எங்களுக்கு இடம் விட்டார்கள். தூறலில் எங்கள் பிள்ளைகளோடு பாதையோரத்தில் நின்றார்கள். அதில் ஒருத்தி தன் ஜக்கெட்டைக் கழற்றிக் கௌசல்யா மேல் போர்த்திவிட்டு இறங்கினாள். ஆஸ்பத்திரி வாசல்வரை பஸ் ஹோர்ன் அடிப்பதை நிறுத்தவில்லை.

ஊசி போட்டு, மூச்சுக் குழாய் வைத்து, அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் வெளியே வந்து என்னைத்தான் ஏசினார். “இவ்வளவு கொட்டுப்பட்ட பிள்ளையை இவ்வளவு பிந்தியா கொண்டுவருவீங்க?” என்றார். ஜீப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவளுடைய சிறுநீரகமும் தாக்கப்பட்டிருந்தது. பல நாட்கள் கழித்துத்தான் கண் விழித்துப் பேசினாள். முதலில் கேட்டது அந்த இரண்டு சின்னப் பெண்களைப் பற்றி.

பஸ்ஸில் வந்த அந்த எதிரணிப் பிள்ளைகளும் தோடம்பழத்தோடு பார்க்க வந்தார்கள். பெனால்டியைத் தவறவிட்டவள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “கௌசி, சீக்கிரம் வா. நான் கோல் அடிக்க வேணும்.”

அவள் கண் விழிக்காத அந்த நாட்களில் இங்கே என்ன நடந்தது தெரியுமா? அனுமதி இல்லாமல் பிள்ளைகளைக் கொண்டுவந்தது என் குற்றம் என்றது தோட்ட நிர்வாகம். அதிபர் என்னைக் கூப்பிட்டு, “இனி இந்த டீமே வேணாம் டீச்சர். போட்டியிலருந்து வெலகிடுவோம். பிள்ளைங்க பாதுகாப்புத்தான் முக்கியம்” என்றார். பாதுகாப்பு! அந்தச் சொல் அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்தது.

மறுநாள் வேலை விட்டதும் தாய்மார்கள் கொழுந்துக் கூடையோடு கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. கௌசல்யாவின் அம்மா செல்வராணி அக்கா முன்னால் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

“சேர், எம்மவள குளவி கொட்டினது அவ வெளையாண்டதால இல்லீங்க. வெளையாட நீங்க எடம் குடுக்காததால. இப்ப டீமக் கலைச்சீங்கன்னா, அவ கண்ணு முழிச்சதும் நீங்கதான் வந்து அவகிட்ட சொல்லணும்.”

மைதானத்துச் சாவி அன்று மாலை என் கைக்கு வந்தது. அணி கலைக்கப்படவில்லை. தோட்டத்துக் குளவிக் கூட்டையும் அந்த வாரமே கலைத்தார்கள். ஒரு பிள்ளை சாகக் கிடந்த பிறகு!

அகில இலங்கைப் போட்டியில் அரையிறுதிவரை போனோம். ஒரு கோலில் தோற்றோம். கௌசல்யாவை ஆட டொக்டர் விடவில்லை. மாற்று வீராங்கனைகளின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். போட்டி முடிந்ததும் ஓர் அதிகாரி என் தோளில் தட்டி, “தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வளவு வந்ததே பெரிய விஷயம்” என்றார். ஆறுதலாம். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

கிண்ணம் கிடைக்கவில்லையே, அம்மா எங்கே கேட்டாள் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நான் கிண்ணம் கேட்கவில்லை. பிள்ளையைக் கேட்டேன். தந்துவிட்டாள்.

இந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் எங்கள் கல்லூரி மைதானத்தில் நடந்தது. கோல் கம்பங்களுக்கு நடுவே கௌசல்யா. தடுப்பு ஆட்டக்காரிகள் அசந்துவிட, பந்து உள்ளே போய்விட்டது. “எங்கடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!” என்று அவள் போட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். எதிரணி கோல் அடித்தும், அந்தக் குரலைக் கேட்டு நான் கைகூப்பி அழுதது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

சொந்தங்களே, முன்பெல்லாம் நான் அம்மனிடம் பயந்து பயந்துதான் கேட்பேன். ஆபிசில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். இப்போது மகள் மாதிரிப் போகிறேன். உங்களுக்கும் அநியாயம் நடந்திருந்தால், அழுகையும் ஏச்சுமாகவே அவளிடம் போங்கள். நல்ல வார்த்தை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவள் நம்முடைய தாய், துரை இல்லை. பொறுங்கள் என்று சொல்லி வாசலில் நிறுத்தி வைக்க மாட்டாள்.