பார்வோனின் கல்லும் என் மகளும்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் புளியந்தீவில் எங்கள் சபையின் வாலிபர்கள் ஒரு விவாதம் வைத்தார்கள். எகிப்தியரின் பழைய எழுத்துகள் வேதாகம வரலாற்றுக்குச் சான்றாகின்றனவா, இல்லையா என்பது தலைப்பு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்ப்பது எங்கள் வழக்கம். என் மகள் எடுத்த சீட்டில் ‘இல்லை’ என்று இருந்தது.

எந்தப் பக்கமானாலும் அவள் மேடை ஏறுவதே எனக்குப் பயமாக இருந்தது. நன்றாகப் பேசுகிற பிள்ளை கண்ணில் படும். கண்ணில் பட்ட பிள்ளைகளை வீடு தேடி வந்து யுத்தத்துக்குக் கொண்டுபோன காலத்தில்தான் நான் அவளை வளர்த்தேன். “எந்தப் பள்ளிக்கூடம், வீடு எங்கே” என்று முன்பின் தெரியாத ஒருவர் ஒருமுறை கேட்டதற்காகவே, ஒரு பள்ளித் தவணை முழுவதும் அவளைக் குருக்கள்மடத்தில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன்.

வேறு பிள்ளையைப் போடுங்கள் என்று போதகரிடம் போய்க் கேட்டேன். வேதத்துக்கு எதிராகப் பேசவேண்டி வருகிறதே என்று காரணம் சொன்னேன்.

“சீட்டு எடுத்தா எடுத்ததுதான் டீச்சர். ஒரு பிள்ளை பேசி வேதம் விழுந்திராது” என்று சிரித்தார்.

அன்று மண்டபத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கத்துப் பையன், எந்த அரசன் தன் தோல்வியைக் கல்லில் வெட்டிவைப்பான் என்று கேட்டான். அரசன், தோல்வி என்ற சொற்களைக் கேட்டதும் சபை ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கைதட்டியது.

பிறகு என் மகள் எழுந்தாள். “ஒரு பார்வோனின் வெற்றிக் கல்லில் இஸ்ரவேல் என்ற பெயர் இருக்கிறது. அவர்களை இல்லாமல் ஆக்கிவிட்டதாக அவன் பெருமை பேசுகிறான். அவர்கள் எகிப்தில் அடிமையாக இருந்ததைப் பற்றியோ, கடல் பிளந்ததைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கல்குடாவில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதை எழுதிய புத்தகத்தைச் சுனாமி கொண்டுபோனது. புத்தகம் இல்லாததால் எனக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இல்லாத புத்தகத்தை நான் சாட்சியாகக் காட்டவும் முடியாது.”

கடல் என்ற சொல்லை அவள் தடுமாறாமல் சொன்னாள். சுனாமிக்குப் பிறகு இத்தனை வருடத்தில் என்னால் அது முடிந்ததில்லை.

பிள்ளை வென்றாள். தேநீர் கொடுக்கும்போது ஒருவர் என்னிடம் வந்தார். விவாதம் முழுக்கச் சிறிய கொப்பி ஒன்றில் எதையோ குறித்துக்கொண்டிருந்தவர்.

“அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்? வீடு எங்க?”

“தெரியா. நான் சும்மா பாக்க வந்தனான்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பினால் மகள் இரண்டு கோப்பைகளோடு நிற்கிறாள்.

“சேவல் கூவ இன்னும் ரெண்டு தரம் இரிக்கி அம்மா.”

சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடனைத்தான் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டேன்.

“பகிடி விடாத. ஆர் எண்டு தெரியாத மனுசன்.”

“அப்ப என்னைக் குருக்கள்மடத்துக்கு அனுப்பப் போறீங்களா?”

நேரே வாசலுக்குப் போனேன். அந்த மனிதர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“அது என்ட மகள்” என்றேன்.

அவர் பூட்டை விட்டு நிமிர்ந்தார். என்ன விளங்கியதோ, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. கொப்பியை விரித்தார்.

“பிள்ளை நல்லாப் பேசினா. ஆனா அந்தக் கல்லைப் பற்றி எனக்கு ஏழு கேள்வி இரிக்கி. வீட்ட வந்து கேக்கலாமோ?”

“ஏழா? இப்பவே ஒண்டைக் கேளுங்க அங்கிள்” என்றாள் பின்னால் வந்த மகள்.

இருவரும் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் நின்று வாதாடத் தொடங்கினார்கள். மூன்றாவது கேள்வி நடந்துகொண்டிருக்கும்போது நான் இடையில் புகுந்து வீட்டுக்கு வழி சொன்னேன். அரசாங்கக் கச்சேரிப் பக்கத்தால் வந்து, இரண்டாவது ஒழுங்கைக்குள் திரும்பினால், வாசலில் பச்சைப் படலை. அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.